குழாய் கட்டிய பக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் காதுகுத்து என்றால், வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக அந்தச் சேதி தெரிவது வேப்பமரத்துக்கு. விடிகாலை நாலரை மணிக்கு ரேடியோ செட்டுக்காரர் அதில் ஏறிக் குழாயைக் கட்டுவார். கூம்பின் வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ராஜதந்திரம் உண்டு. பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளி வீடு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்குத்தான். அஞ்சு மணிக்கு முதல் பாட்டு பிள்ளையாருக்கு. அஞ்சேகாலுக்கு முருகனுக்கு. ஆறு மணிக்குச் சாமிகளெல்லாம் கிளம்பிப் போய்விட, இளையராஜா வந்து உட்காருவார். ராத்திரி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். நாலு தெருக்காரனும் கேட்டே ஆக வேண்டும். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அணைக்கிற சுவிட்சும் அவன் வீட்டில் கிடையாது.

1995-ல் அமெரிக்காவில், ரெட்மண்ட் என்ற ஊரில், வேப்பமரத்தையே பார்த்திராத சிலர் உட்கார்ந்து இதையே மறுபடியும் கண்டுபிடித்தார்கள். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2 அந்த வருஷம் வெளிவந்தது. அதில் ‘பிஜிசவுண்ட்’ என்று ஒரு கட்டளை. வலைப்பக்கத்தில் அந்த ஒற்றை வரியை எழுதி, எந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டால் போதும். பக்கத்தைத் திறந்த ஆளின் தலையில் பாட்டு விழும். எத்தனை தடவை பாட வேண்டும் என்று சொல்லவும் இடம் உண்டு. ‘இன்ஃபினிட்’ என்று போட்டால் கரண்டு போகிறவரைக்கும். சத்தத்தை ஏற்ற இறக்க, இடது காதுக்கா வலது காதுக்கா என்று திருப்ப, எல்லாம் பக்கத்தைக் கட்டியவன் கையில். திறந்தவன் கையில் ஒன்றுமில்லை. பக்கத்திலேயே நிறுத்த ஒரு பொத்தான் வைப்போமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கில் என்ஜினியர்கள் உள்ள கம்பெனிதான். ஆனால் பிறவியில் அவர்களும் ரேடியோ செட்டுக்காரர்கள்.

இந்த வம்சத்துக்கு முப்பாட்டன் ஒருத்தர் உண்டு. எரிக் சாட்டி என்ற பிரெஞ்சுக்காரர். 1920-ல் பாரிஸில், நாடக இடைவேளையில் வாசிக்க ‘மேசை நாற்காலி இசை’ என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். நாற்காலி மாதிரி அதுபாட்டுக்குக் கிடக்க வேண்டும், யாரும் கவனிக்கக் கூடாது என்பது அவருடைய திட்டம். ஜனங்களோ வாசிப்பு ஆரம்பித்ததும் மரியாதையாக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மனுஷன் இங்கும் அங்கும் ஓடி, பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. தேனிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டி வந்திருந்தால், இரண்டாம் பந்தியில் ரசத்துக்குக் கத்துகிற சத்தத்தில் அவர் மனசு குளிர்ந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு எல்லாம் மலையேறித்தான் வரும், அல்லது மலையிறங்கி வரும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895-ல் இறங்கியது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். இந்தியாவுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்த பென்னிகுவிக்குக்கு நாங்கள் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீக்கு இன்றுவரை ஒரு கற்பூரம் கொளுத்தியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் கடைமடை வரை வந்தது. இன்டர்நெட் மதுரையில் நின்றுகொண்டு, ‘நீ வா’ என்றது. தேனி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம் கழித்துத்தான் நேரு சிலைப் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன.

நான் போன சென்டரில் மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் தடுப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கோயிலுக்கு அடுத்து அந்த மரியாதை கம்ப்யூட்டருக்குத்தான் கிடைத்தது. மணிக்கு 40 ரூபாய். ஒரே ஒரு போன் லைனை ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம், கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற மாதிரி. மோடம் லைன் பிடிக்கும்போது போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதுதான் எங்கள் தலைமுறையின் முதல் பின்னணி இசை. கழுத்தில் கத்தி வைத்த சேவலும் கரகாட்டக்காரர் வாய் விசிலும் கலந்தது மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் முடிந்து அமைதி வந்தால், உலகம் வந்துவிட்டது என்று அர்த்தம். அமைதி வராமல் மறுபடி டயல் சத்தம் வந்தால், குமுளிப் பக்கம் மழை என்று சென்டர் அண்ணன் சொல்வார். எதற்கெடுத்தாலும் குமுளி மழைதான். ஒருதடவை பங்குனி வெயிலில் அப்படிச் சொன்னார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. ஒரு சொந்த வீடு கட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. வலையில்தான்.

மனை கிடைப்பது சுலபமாக இருந்தது. ஜியோசிட்டீஸ் என்று ஒரு புறம்போக்கு இருந்தது. 1994-ல் டேவிட் பொனெட், ஜான் ரெஸ்னர் என்ற இரண்டு பேர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பக்கம் கட்டிக்கொள்ளலாம். பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சினிமாக் கிறுக்கு என்றால் ஹாலிவுட், கம்ப்யூட்டர் கிறுக்கு என்றால் சிலிக்கான் வேலி, பாட்டுக் கிறுக்கு என்றால் சன்செட் ஸ்ட்ரிப். பேட்டைப் பெயரோடு ஒரு கதவு எண்ணும் உண்டு. எங்கள் தாத்தா அறுபது வருஷம் தாலுகா ஆபீஸ் படியேறி வாங்க முடியாத பட்டாவை நான் ஒரு மதியத்தில், 80 ரூபாய் செலவில், ஹாலிவுட்டில் வாங்கினேன். 1999-ல் யாஹூ இந்த மொத்தப் புறம்போக்கையும் 350 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வளைத்துப்போட்டது. குடியிருப்பவர்களுக்கு அதில் ஒரு பைசா வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் என்னென்ன இருந்தது? வாசலில் மண்வெட்டி பிடித்த ஒரு பொம்மை, ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று. அது கடைசிவரை வெட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்த என் போட்டோ. ராசி, நட்சத்திரம், பிடித்த நடிகர், பிடித்த நிறம், அதாவது ஜாதகம் பார்க்க வருகிறவர்களுக்குத் தேவையான எல்லாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணிக்கைப் பெட்டி. பின்னால் நட்சத்திரங்கள் மின்னும் கறுப்பு வானம். அதன்மேல் நீல எழுத்து. படிக்க முடியாது. படிக்க முடிந்தாலும் பிரயோசனமில்லை. தமிழில் எழுதியிருந்தேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூட்டி, கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து எந்த முறையில் இருக்க வேண்டும் என்று பேசினார்கள். டாம் என்று ஒன்று, டாப் என்று ஒன்று. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் கையில் திஸ்கி என்று இன்னொன்று. டாமும் டாபும் திஸ்கியும் ஒரே தெருவில் மூன்று பங்காளிகள். ஒருத்தன் எழுதியதை இன்னொருத்தன் வீட்டில் திறந்தால் எறும்புப் புற்றில் மிதித்த மாதிரி பூச்சி பூச்சியாக ஊரும். அதனால் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தின் தலையிலும் இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு இருக்கும்: பூச்சி தெரிந்தால் இந்த எழுத்துருவை இறக்கி, நிறுவி, கம்ப்யூட்டரை அணைத்துப் போடவும். மணிக்கு 40 ரூபாய் சென்டரில் எவன் அணைத்துப் போடுவான்?

எழுத்தில் தமிழ் தெரியவில்லை. சரி, காதிலாவது தமிழ் கேட்கட்டும் என்று அன்றைக்குப் பல பேர் ஒரே சமயத்தில் யோசித்தார்கள். டெக்சாஸில் படிக்கப்போனவன், சிங்கப்பூரில் வேலை பார்த்தவன், டொரண்டோவுக்குத் தப்பிப்போன யாழ்ப்பாணத்துப் பையன், தேனியில் நான். பக்கத்தைத் திறந்ததும் ஒரு இளையராஜா பாட்டு ஒலித்துவிட்டால் போதும். அது தமிழன் வீடு என்று தெரிந்துவிடும். எழுத்துரு வேண்டாம், இறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம். இதுதான் நடந்த கதை. ரசனையில்லாத பசங்கள் பக்கத்துக்குப் பக்கம் பாட்டுப் போட்டுக் கெடுத்தார்கள் என்று இப்போது எழுதுகிறவர்கள், எங்கள் பக்கத்தில் மொத்தமாக வேலை செய்த தமிழ் அந்தப் பாட்டு ஒன்றுதான் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பாட்டை எப்படி ஏற்றுவது? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மூன்று நிமிஷப் பாட்டை சிடி தரத்தில் அப்படியே போட்டால் முப்பது எம்பிக்கு மேல். எங்கள் சென்டர் வேகத்துக்கு அது இறங்க மூன்று மணி நேரம். பாட்டு இறங்கி முடிவதற்குள் ஒரு பஸ் கம்பம் போய்த் திரும்பிவிடும். எம்பி3 ஆக்கினால் மூன்று எம்பி, பதினேழு நிமிஷம். அதற்கும் பொறுமை கிடையாது. மிச்சம் இருந்தது மிடி. அது நாற்பது கேபிதான். பத்துப் பதினைந்து விநாடியில் வந்து பாட ஆரம்பித்துவிடும்.

எப்படி அவ்வளவு சின்னது? மிடி கோப்புக்குள் சத்தமே கிடையாது. எந்தச் சுரம், எந்த வாத்தியம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்கிற குறிப்பு மட்டும்தான். டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி முதலான கருவி செய்பவர்கள் 1983-ல் கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு கம்பெனி கீபோர்டும் இன்னொரு கம்பெனி கீபோர்டும் சண்டை போடாமல் பேசிக்கொள்வதற்காக. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், பிரசாத் ஸ்டுடியோவில் ராஜா அந்தக் காலத்தில் காலையில் உட்கார்ந்து எழுதி நீட்டுவாரே ஒரு தாள், அந்தத் தாள்தான் மிடி. அங்கே அதை வாங்கி வாசிக்க வரிசையாக வயலின்காரர்கள் இருந்தார்கள். இங்கே வாசித்தது சவுண்ட் கார்டில் ஒட்டியிருந்த ஒரு சில்லு. பல கார்டுகளில் அந்தச் சில்லைச் செய்தது யமஹா. எங்கள் ஊரில் யமஹா என்றால் ஆர்எக்ஸ் 100. இப்போது கம்பெனி வேறு வேறுதான், ஆனால் இரண்டும் ஒரே வம்சத்துப் பங்காளிகள். வயலின் வாசிக்கச் சொன்னாலும் சைலன்சர் சத்தம் லேசாக வரும்.

எஸ்.பி.பி. பாடியதைப் புல்லாங்குழல் வாசிக்கும். ஜானகி பாடியதை ஓபோ வாசிக்கும். கோரஸுக்கு ‘ஆ’ என்று வாய் பிளக்கிற ஒரு குரல் உண்டு. பல் டாக்டரிடம் உட்கார்ந்திருக்கிற நாலு பேர் மாதிரி. வார்த்தை கிடையாது. ஆனால் கேட்கிறவன் தமிழனாக இருந்தால் வார்த்தை அவன் மண்டையில் தானாக ஓடும். இதில் எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் இருக்கிற பண்ணைப்புரத்திலிருந்து ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடப் போனார். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் கட்சி வார்த்தைகளை ஏற்றிப் பாடுவார். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, தோட்டத்துத் தமிழர்கள் மத்தியில் போய்ப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அண்ணன் குழுவில் ஆர்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராகப் போன தம்பிதான் பின்னால் ராஜா. அண்ணன் மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றினார். நாற்பது வருஷம் கழித்து நாங்கள் தம்பியின் மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையைத் தொலைத்தோம். மெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த மிடிகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்த பையன்கள். பனி கொட்டுகிற ராத்திரியில் காசியோ கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, காதால் பிடித்து, ஒவ்வொரு வாத்தியமாக வாசித்து ஏற்றுவார்கள். ஒரு பாட்டுக்கு வாரக்கணக்கில் ஆகும். பத்து பைசா வராது. நான் அந்தக் கஷ்டம் எதுவும் படவில்லை. அவர்கள் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் திராட்சைத் தோட்டத்து ஓரமாக நடந்து போகிறவன் ஒரு கொத்து பறிப்பதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை.

நான் எடுத்த பாட்டு ஒரு கல்யாணப் பாட்டு. நாதஸ்வரத்தில் தொடங்குவது. மங்களகரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வினை அங்கே தொடங்கியது.

1991-ல் மிடிக்காரர்கள் கூடி, எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மொத்தம் 128. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அதில் அடக்கிவிட்டதாக அவர்களுக்கு எண்ணம். 105 சிதார். 110 ஸ்காட்லாந்துக்காரர் ஊதுகிற பை. 124 பறவைக் கூச்சல். 125 டெலிபோன் மணி. 126 ஹெலிகாப்டர். 128 துப்பாக்கிச் சூடு. சத்தியமாகச் சொல்கிறேன், துப்பாக்கி இருக்கிறது, நாதஸ்வரம் இல்லை. தவில் இல்லை, மிருதங்கம் இல்லை, உறுமி இல்லை, தப்பு இல்லை. தப்பு இல்லாமல் தேனி மாவட்டத்தில் ஒரு சாவு எடுக்க முடியாது. ஹெலிகாப்டர் இல்லாமல் இதுவரை எல்லாச் சாவையும் எடுத்திருக்கிறோம். இந்தப் பட்டியலைப் போட்ட கமிட்டியில் ஆண்டிப்பட்டிக்காரர் ஒருத்தர் இருந்திருந்தால் சரித்திரம் மாறியிருக்கும்.

நாதஸ்வரத்துக்குக் கிட்டத்தில் இருந்தது 112, ஷெனாய். மிடி செய்த பையன் வேறு வழியில்லாமல் அதைப் போட்டிருந்தான். வடநாட்டில் ஷெனாய் கல்யாண வாத்தியம். நம் பக்கத்தில் அப்படியில்லை. பெரிய தலைவர் யாராவது செத்தால் ரேடியோவில் மூன்று நாள் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு ஊதுவார்களே, அந்த ஞாபகம்தான் வரும். அதிலும் யமஹா சில்லில் ஊதினால், செத்தவர் நமக்குச் சொந்தக்காரர் மாதிரியே இருக்கும்.

இத்தோடு இன்னொரு சிக்கல். பிஜிசவுண்ட் மைக்ரோசாஃப்டின் பிள்ளை. நெட்ஸ்கேப் அதை வீட்டுக்குள் சேர்க்காது. நெட்ஸ்கேப்பில் பாட்டு வர வேண்டுமானால் ‘எம்பெட்’ என்று வேறொரு வரி எழுத வேண்டும். விருந்தாளி எந்த வண்டியில் வருவாரோ என்று நான் இரண்டு வரியையும் எழுதி வைத்தேன். நெட்ஸ்கேப்பில் எல்லாம் சரி. எக்ஸ்ப்ளோரரோ இரண்டு வரியையும் மதித்து, ஒரே பாட்டை இரண்டு தடவை, அரை விநாடி இடைவெளியில் பாடியது. சித்திரை மாசம் வீரபாண்டித் திருவிழாவில் பக்கத்துப் பக்கத்துக் கடை இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இதைத் தவிர்க்க ஒரு உபாயம் இருந்தது. ஒரு வரியை இன்னொன்றின் மடியில் ஒளித்து வைக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. மேற்கத்திய இசையில் ஒரு மெட்டை இன்னொரு மெட்டு துரத்துவது பெரிய வித்தை என்று ராஜா பேட்டியில் படித்திருந்தேன். அதுவாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

2001 மே மாசம். பிளஸ் டூ ரிசல்ட் நெட்டில் வரும் என்று அறிவித்திருந்தார்கள். சென்டர் அண்ணன் நாலு நாளாகவே கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒரு நம்பருக்குப் பத்து ரூபாய். ரிசல்ட் தளத்தின் நீளமான முகவரியை ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்ய வேண்டாமே என்று நான்தான் யோசனை சொன்னேன்: “அண்ணே, என் பக்கத்துல லிங்க் போட்டுத் தர்றேன். ஆறு மிஷின்லயும் அதையே ஹோம் பேஜா வச்சுருங்க. தொறந்த உடனே ஒரு கிளிக்.” உள்நோக்கம் என்னவென்றால், என் எண்ணிக்கைப் பெட்டி அப்போது 212-ல் நின்றிருந்தது. அதில் 200 நான்.

காலையில் சென்டர் வாசலில் தெரு அடைக்கிற கூட்டம். அப்பாமார்கள், சித்தப்பாமார்கள், நெற்றியில் விபூதியோடு பிள்ளைகள். போடியிலிருந்து ஒருத்தர் ஏலக்காய் மூட்டையை அப்படியே வண்டியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணன் ஆறு மிஷினையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஸ்பீக்கர்களை யாரும் குறைத்து வைக்கவில்லை. முந்தின ராத்திரி யாரோ சினிமா பார்த்திருந்தார்கள். முதல் மிஷினில் ஷெனாய் ஆரம்பித்தது. அரை விநாடியில் அதன் தம்பி. இரண்டாவது மிஷினில் இன்னும் இரண்டு. ஆறு மிஷினும் உயிர்த்தபோது பன்னிரண்டு ஷெனாய், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, அழுகிற மாதிரி. நடுவில் அந்த ‘ஆ’ கோரஸ்.

அந்தச் சின்ன அறையில் ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. முதல் வரிசையில் நின்ற ஒரு பையன், நம்பரே இன்னும் போடவில்லை, தேம்பி அழ ஆரம்பித்தான். பின்னாலிருந்து ஒரு பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்:

“ஏம்ப்பா, யாரு தவறிப்போனது?”

“யாருமில்லண்ணே, இது கல்யாணப் பாட்டு” என்றேன்.

“கல்யாணமா? யாருக்குடா இங்க கல்யாணம்? பிள்ளைக பரிச்ச ரிசல்ட்டு பாக்க வந்துருக்காய்ங்க, நீ எழவு ஊதிக்கிட்டு இருக்க!”

அண்ணன் நிறுத்தச் சொன்னார். நிறுத்த எது இருக்கிறது? பிஜிசவுண்டுக்குப் பொத்தான் இல்லை. பக்கத்தை மூடினால் நிற்கும். ஆனால் மூடினால் ரிசல்ட்டுக்கு மறுபடி திறக்க வேண்டும், திறந்தால் ஷெனாய். கடைசியில் அண்ணன் மேசைக்கு அடியில் புகுந்து, ஆறு ஸ்பீக்கர் ஒயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெளியே வந்தபோது தலையில் ஒட்டடை. என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அழுத பையன் பாஸ் செய்திருந்தான். என் எண்ணிக்கைப் பெட்டி அன்று சாயங்காலம் 400-ஐத் தாண்டியிருந்தது. அதற்கப்புறம் அந்தச் சென்டரில் செருப்பு விடுகிற இடத்துக்கு மேல் எனக்கு அனுமதி இல்லை.

மறுவருஷம், 2002-ல், வேறொரு சம்பவம் நடந்தது. பிபிசி உலக சேவை தன் எழுபதாவது வருஷத்துக்காக, உலகத்தின் பிரபலமான பாட்டு எது என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. முதல் இடம் அயர்லாந்தின் விடுதலைப் பாட்டு. இரண்டாவது வந்தே மாதரம். மூன்றாவது பாகிஸ்தானின் தேசபக்திப் பாட்டு. மூன்று நாடுகள் நெஞ்சில் கைவைத்து நிற்க, நாலாவதாக வந்து நின்றது ‘தளபதி’ படத்து ராக்கம்மா. அஞ்சாவதும் ஒரு தமிழ்ப் பாட்டுத்தான், ஈழத்துப் பக்கத்திலிருந்து. உலக வல்லுநர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. எழுத்துரு இல்லாமல், மோடம் கூச்சலுக்கு நடுவில், வார்த்தை தொலைந்த மிடியை வைத்து வருஷக்கணக்காகக் குழாய் கட்டிப் பழகியவர்கள் நாம். ஒரு கிளிக்கில் ஓட்டு என்றால் விடுவோமா? பங்காளி வீட்டுத் திசைக்குத் திருப்பிவிட்டோம்.

அப்புறம் சட்டம் வந்தது. மரத்துக் குழாய்க்கு 2000-லேயே ஒலி மாசு விதிகள் போட்டாகிவிட்டது: ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. விதிகளைப் பற்றி வேப்பமரத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. வலைப்பக்கக் குழாய்க்குச் சட்டம் மெதுவாக வந்தது, ஆனால் கறாராக. ஐபோன் ஆரம்பத்திலிருந்தே, ஆள் விரல் வைக்காமல் பக்கம் வாய் திறக்கக் கூடாது என்றது. 2017-ல் சஃபாரி, 2018 ஏப்ரலில் குரோம் 66. தானாகப் பாடுகிற பக்கங்களின் வாயை அடைத்தாயிற்று. எச்டிஎம்எல் விதிப் புத்தகத்தில் பிஜிசவுண்டை வழக்கொழிந்தது என்று எழுதிவிட்டார்கள். ஒரு ஊர்க்கட்டுப்பாட்டைக்கூட நம்மால் இவ்வளவு சுத்தமாக நிறைவேற்ற முடிந்ததில்லை.

ராஜாவுக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். 2017-ல் எஸ்.பி.பி.க்கே, கச்சேரிகளில் தன் பாட்டை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று ராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. அவர் பாடிய பாட்டை அவர் பாடுவதற்கே அந்தக் கதி. நான் ஜானகியை ஓபோவாகவும் நாதஸ்வரத்தை ஷெனாயாகவும் மாற்றி, ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டவன். எனக்கு வந்தால் நோட்டீஸ் வராது, அரிவாள் வரும். பின்னணி இசைக்கென்றே இரண்டு தேசிய விருது வாங்கியவர், ‘பழசிராஜா’வுக்கும் ‘தாரை தப்பட்டை’க்கும். என் பக்கத்துப் பின்னணி இசை அவர் காதில் விழாமல் போனது எங்கள் இரண்டு பேருக்கும் நல்லது.

2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. ஆக்கிரமிப்பு அகற்றம் மாதிரிதான். புல்டோசர் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. லட்சக்கணக்கான வீடுகள், வாசலில் மண்வெட்டி பொம்மைகள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே போயின. ஆர்க்கைவ் டீம் என்று சில கிறுக்கர்கள் இடிபடுவதற்கு முன்னால் ஓடி ஓடி முடிந்ததை அள்ளி வைத்தார்கள். போன மாசம் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், என் கதவு எண்ணைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தது. கறுப்பு வானம், நீல எழுத்து. எழுத்தெல்லாம் பூச்சி. அந்த எழுத்துரு இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. பாட்டும் வரவில்லை; பிஜிசவுண்டை இந்தக் குரோமுக்கு யாரென்றே தெரியாது. என் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த சட்டம். போட்டோ போனதில் எனக்கு வருத்தமில்லை.

அப்படியே தூங்கிவிட்டேன். விடிகாலை நாலரைக்கு முழிப்பு வந்தது. எதிர் வீட்டில் காதுகுத்து. ரேடியோ செட்டுக்காரரின் மகன் இப்போது தொழிலைப் பார்க்கிறான். ரெக்கார்டு, கேசட், சிடி எல்லாம் போய், பாக்கெட்டில் இருக்கிற போனிலிருந்தே பாட்டு, ப்ளூடூத் வழியாகக் குழாய்க்கு. பிள்ளையார் முடிந்தார், முருகன் முடிந்தார். ராஜா வந்து முதல் சரணம் ஏறுகிற நேரம் பாட்டு சட்டென்று நின்றது. நாலு தெருவுக்கும் கேட்கிற மாதிரி போன் மணி அடித்தது. அவன் எங்கோ டீக்கடையில் நின்று, யோசிக்காமல் எடுத்துவிட்டான். வேப்பமரத்து உச்சியிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் ஊருக்கே அறிவித்தது:

“டேய், சோத்தப் பொங்கி எறக்கியாச்சு, எலக்கட்ட எங்கடா வச்ச?”

எங்கள் வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்து மரத்தைப் பார்த்தது.